கதவு டிஸ்கெட்ட தொட்டது யாரு

எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்ல. பாசார்ல மீன் வாங்குனா செவுளத் தூக்கிப் பாப்பேன். பூ வாங்குனா என் கையால இன்னொரு தடவ முழம் போடுவேன். எம் புருசன் ரயில்வேயில இருந்தாரு, நைட் டூட்டின்னு சொன்னா ஸ்டேசன் வரைக்கும் போய் விசாரிச்சிட்டு வருவேன். அவரு போய்ச் சேந்த அன்னிக்குக்கூட டாக்டர்கிட்ட ரெண்டு தடவ கேட்டுத்தான் அழ ஆரம்பிச்சேன்.

அப்படிப்பட்டவ வேலைக்குச் சேந்த எடம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கடைவீட்டு மாடி. வீட்டுக்குப் பிளான் போடுற ஆபீஸ். கூட்டித் தொடைக்கணும், டீ கலக்கணும், பிளான் காகிதத்த மடிச்சு வைக்கணும். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ் வரைக்கும்தான். தமிழ் படிப்பேன், இங்கிலீஸ் எழுத்து எனக்கு எறும்பு போற மாதிரி. ஆனா பேசுனா புரிஞ்சுக்குவேன். புரியாத மாதிரியும் இருப்பேன். ரெண்டும் தெரிஞ்சிருக்கணும்.

ஆபீஸ்ல மொத்தம் நாலு பேரு. பாஸ் யாழ்ப்பாணத்துக்காரரு. அப்பா காலத்துலயே இங்க வந்த குடும்பம், படிச்ச குடும்பம். பேச்சு மட்டும் இன்னும் கப்பல்ல இருந்து எறங்காம அப்படியே இருக்கும். அடுத்து கிளாங்குல இருந்து வர்ற ஒரு அண்ணே. முப்பது வருசமா பலகையில பேப்பர் ஒட்டிக் கையாலயே பிளான் வரைஞ்சவரு, கட்டுற எடத்தப் போய்ப் பாத்துட்டு வர்றதும் அவருதான். அப்புறம் ஒரு பொண்ணு, ரவாங்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வரும். நாலாவது ஆளு நான்.

தொண்ணூறு வாக்குல கம்ப்யூட்டர் வந்துச்சு. மூணு பெட்டி. அதுங்களுக்குன்னு தனி ரூம்பு, தனி ஏர்கோன். எனக்கு டீ கலக்குற எடத்துல ஒரு ஃபேன் கெடையாது. அந்தப் பெட்டிங்கமேல எனக்கு அன்னிக்கே சந்தேகம். வேல செய்யாம குளுந்துகிட்டு உக்காந்திருக்கிற எதுமேலயும் எனக்குச் சந்தேகம்தான்.

அந்தப் பொண்ணுதான் வெளக்குனா. "ஆன்டி, கிளாங் அண்ணே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கதவா வரைவாருல்ல? இதுல ஒரு தடவ வரைஞ்சு வச்சிட்டா போதும். அடுத்த வீட்டுக்கு அதயே எடுத்துச் சொருகிக்கலாம்."

"அப்ப எல்லா வீட்டுலயும் ஒரே கதவா? ராத்திரி தூக்கத்துல பக்கத்து வீட்டுக்குள்ள போயிரப் போறாங்கடி."

கடையில வாங்குன கம்ப்யூட்டர்ல வந்த கதவும் சன்னலும் வெள்ளக்காரன் வீட்டுது. நம்ம ஊரு வீட்டுக்கு அது ஆகாது. இங்க இரும்பு கிரில் வேணும், கண்ணாடிப் பலகை வச்ச சன்னல் வேணும், குந்துற கக்கூஸ் வேணும், சாமி ரூம்பு வேணும், சீனவங்க வீட்டுக்கு வாசல்ல சாமி மாடம் வேணும். ஒரு வருசம் முழுக்க அவ ஒவ்வொன்னா வரைஞ்சு சேத்தா. வரைஞ்சது பெருசில்ல, பெட்டியில சொருகுற உள்ளங்கை அகல டிஸ்கெட்டுல அத அடுக்கி வச்சா பாருங்க, அதான் பெருசு. கதவுக்கு ஒரு டிஸ்கெட்டு, சன்னலுக்கு ஒன்னு, படிக்கு ஒன்னு, கக்கூசுக்கு ஒன்னு, சமையக்கட்டுக்கு ஒன்னு, சாமிக்கு ஒன்னு. ஒவ்வொன்னுலயும் அசல் ஒன்னு, நகல் ஒன்னு. ரெண்டும் என்னோட பிஸ்கட் டின்னுல இருக்கும், வேல முடிஞ்சா நகல மட்டும் அவ தன் டிராவர்ல பூட்டிட்டுப் போவா. நகல வச்சுத்தான் எல்லாரும் வேல செய்யணும். யாராவது கஸ்டமருக்குன்னு தனியா ஒரு கதவ மாத்துனா, அதுக்கு வேற பேரு வச்சு அந்தக் கஸ்டமரோட டிஸ்கெட்டுலதான் போடணும். அசல்ல கைய வைக்கக்கூடாது. திங்கக்கெழம காலையில அவ அசல்ல இருந்து புதுசா நகல் எடுத்துக்குவா. அப்பத்தான் வாரத்துல யாராவது நகலக் கெடுத்திருந்தாலும் சரியாயிரும்னு.

இந்தச் சட்டத்த எல்லாம் டைப் பண்ணி, பாஸே கையெழுத்துப் போட்டு, கம்ப்யூட்டர் ரூம்பு செவத்துல ஒட்டி வச்சிருந்தாரு.

எனக்குத்தான் இங்கிலீஸ் தெரியாதே. அதனால டிஸ்கெட்டு மேல இருந்த ஸ்டிக்கர்ல நானே படம் போட்டுக்கிட்டேன். கதவுக்குக் கதவு, சன்னலுக்குச் சன்னல், சமையக்கட்டுக்கு ஒரு குவாலிச் சட்டி, சாமிக்கு ஒரு வெளக்கு. படி மட்டும் வரைய வரல. கிளாங் அண்ணே பாத்துட்டு, "என்னக்கா, சீப்புக்கெல்லாம் ஒரு டிஸ்கெட்டா?"ன்னாரு. கக்கூசுக்கு நான் போட்ட படத்த இங்க சொல்லப் போறதில்ல. ஆனா யாரும் தப்பா எடுத்ததே கெடையாது.

யாரு எதக் கொண்டு போனாங்கன்னு எழுதி வைக்கச் சொன்னாங்க. எழுதுற வேல எனக்கு ஆகாது. நான் ஒரு வழி வச்சேன். டின்னுல இருந்து ஒரு டிஸ்கெட்ட எடுத்தா, அந்த எடத்துல உங்க டீ கப்ப வச்சிட்டுப் போங்க. டிஸ்கெட்டு திரும்பி வந்தாத்தான் கப்பு, கப்பு இருந்தாத்தான் டீ. ஒரு வாரத்துல பாஸ்கூட ஒழுங்காயிட்டாரு. பாஸுக்கு அது ரொம்பப் புடிச்சிருச்சு. வர்ற போற என்ஜினியருக்கெல்லாம் டின்னக் காட்டுவாரு. "எங்கட லைப்ரரி சிஸ்டம் இதுதான். அக்கா கண்டுபிடிச்சது."

இப்படிப் போய்க்கிட்டு இருந்தப்பதான் ஒருநாள் தவுக்கே வந்து நின்னாரு.

செமினியில வரிசை வீடு கட்டுற சீன மொதலாளி. எங்க ஆபீஸ்ல அதான் பெரிய வேல. எப்பவும் சிரிச்ச மூஞ்சி, எனக்கு மட்டும் வாழப்பழம் பொரிச்ச பிசாங் கோரேங் வாங்கிட்டு வருவாரு. அன்னிக்கு வெறுங்கை. சட்டப்பையில இருந்து அளக்கிற டேப்ப உருவி மேசைமேல விட்டெறிஞ்சாரு. எந்த இரும்புக் கடையிலயும் கெடைக்கும் அந்த டேப்பு. அளவுக்கு மேலயும் கீழயும் சீன எழுத்து, செவப்பும் கருப்புமா. கதவு நெலையோட அளவு செவப்புல விழுந்தா நல்லது, கருப்புல விழுந்தா குடும்பத்துக்கு ஆகாது. அவங்க அத விட்டு ஒரு மேசகூட செய்ய மாட்டாங்க.

"இனி பிந்து சியால் லா, பாஸ்! சியால்!"

பிந்துன்னா கதவு, சியால்னா தரித்திரம். வாசக்கதவு எல்லாம் கருப்புல விழுதாம். பதினாலு வீட்டுக்கு நெல நட்டாச்சு. வீடு வாங்குன ஒரு ஆளு போய் டேப்பப் புடிச்சுப் பாத்துட்டு, எனக்கு இந்த வீடே வேணாம்னுட்டான். சேதி பரவி, இப்ப நாலு பேரு வேணாங்கிறான்.

பாஸ் பிளான எடுத்து விரிச்சாரு. வாசக்கதவு வழக்கமா போடுற அளவுல இல்ல. ரெண்டு வெரக்கட கூட இருந்துச்சு. வெரக்கடன்னா ஒரு வெரலு அகலம். பாத்தா தெரியாது. டேப்புக்குத்தான் தெரியும்.

தவுக்கே போனதும் பாஸ் அந்தப் பொண்ணக் கூப்புட்டாரு. கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு. நான் வெளிய அந்த ஒரே எடத்தத் திரும்பத் திரும்பத் தொடச்சேன்.

"இந்த லைப்ரரி ஆர்ற பொறுப்பு?"

"என்னோடதுதான் பாஸ். ஆனா நான் மாத்தல."

"நீ மாத்தேல்லை, கிளாங்குக்காரருக்கு கம்ப்யூட்டர் தெரியாது. அப்ப கதவு தானா வளந்ததோ?" பிளான மடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பன். எப்பிடி நடந்தது எண்டு காட்டு. இல்லையெண்டால் நீயே கடிதம் எழுதித் தந்திட்டுப் போ."

அவ வெளிய வந்தப்ப மூஞ்சி வெளுத்துப் போச்சு. அவங்கப்பா லோரியில இருந்து விழுந்து இடுப்பு போயி வீட்டுல கெடக்குறாரு. சம்பாதிக்கிறது இவ ஒருத்திதான். அதவிட, கதவு அளவ மாத்திக் கெடுத்தவன்னு பேரு வந்துட்டா, கேஎல்லுல எந்த ஆபீஸ் படி ஏறுவா? எல்லாப் பாஸும் ஒரே கிளப்புல உக்காந்து ஒரே பீர குடிக்கிறவங்க.

அன்னிக்கு செவ்வாக்கெழம. மூணு நாளு இருந்துச்சு.

உண்மையச் சொல்றேன், நான் முதல்ல சந்தேகப்பட்டது அவமேலதான். கொஞ்ச நாளாவே டெலிஃபோன்ல கைய வச்சு மூடிக்கிட்டுக் குசுகுசுன்னு பேசுவா. சுங்கை வேயில எதோ ஒரு ஆபீஸ் இவள வேலைக்குக் கூப்புடுதுன்னு ஒரு பேச்சு. போறவ கெடுத்துட்டுப் போறாளோன்னு நெனச்சேன். நேராவே கேட்டேன்.

"யாருடி டெலிஃபோன்ல?"

"ஒரு ஆளு, ஆன்டி."

"ஆளுன்னு தெரியும். மாடா பேசும்?"

கடைசியில பாத்தா அது கல்யாணப் பேச்சு. பையன் பேங்க்ல வேல. சரி, டெலிஃபோன்ல குசுகுசுன்னு பேசுறவளுக்குக் கதவ அகலப்படுத்த எங்க நேரம்னு அவள விட்டேன்.

அடுத்தது என்மேலயே சந்தேகம். டிஸ்கெட்ட ஈரத்துணியால தொடச்சிருக்கேன், நாலஞ்சு தடவ. தண்ணி பட்ட மரம் ஊதுற மாதிரி, உள்ள இருக்கிற கதவும் ஊதிப் போச்சோன்னு. சிரிக்காதீங்க. அந்த ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. காலையில அவகிட்ட மெதுவா கேட்டேன். அவ அத்தன கவலையிலயும் மேசையில தலைய வச்சுச் சிரிச்சா. "தொடச்சா மொத்தமாத்தான் கெட்டுப் போகும் ஆன்டி. கணக்கா ரெண்டு வெரக்கட மட்டும் வளராது."

அப்புறம்தான் கிளாங் அண்ணேமேல கண்ணு போச்சு. கம்ப்யூட்டர் வந்ததுல இருந்து அவருக்கு மரியாத போச்சு. இப்ப இந்தக் கலவரத்துல அந்த மனுசன் சீட்டியடிச்சுக்கிட்டுப் பென்சில் சீவுறாரு. ஒரு ஆளு சீட்டியடிச்சா அவனுக்கு எதோ தெரியும்.

வியாழக்கெழம அந்தப் பொண்ணு என்னக் கூப்புட்டுக் காட்டுனா. அசல் கதவு டிஸ்கெட்டப் போட்டு எதையோ தட்டுனா. "ஒவ்வொன்னும் கடைசியா எப்ப மாத்துனாங்கன்னு கம்ப்யூட்டர் தேதி போட்டு வச்சிருக்கும் ஆன்டி. மத்த கதவு எல்லாம் போன வருசம். இந்த வாசக்கதவு மட்டும், தைப்பூசம் முடிஞ்சு வந்த சனிக்கெழம. சாயந்தரம்."

"அப்ப நாலு மாசமா?"

"ஆமா. யாரோ அசல்லயே மாத்திட்டாங்க. திங்கக்கெழம நான் வழக்கம்போல அதுல இருந்து நகல் எடுத்துட்டேன். அதுக்கப்புறம் நாங்க போட்ட எல்லா வீட்டுலயும் அந்தக் கதவுதான். செமினியும் அதுல மாட்டிக்கிச்சு." அப்புறம் என் மூஞ்சியப் பாக்காமலே சொன்னா, "சனிக்கெழம நான் மத்தியானமே பஸ் ஏறிருவேன். ஆனா அத யாரு நம்புவா?"

தைப்பூசம்னதும் எனக்குக் காலு ஞாபகம் வந்துச்சு. பத்துமலைக்குப் பால்குடம் எடுத்து ஏறி எறங்கி, ஒரு வாரம் காலு பனங்கா மாதிரி வீங்கிக் கெடந்துச்சு. அந்தச் சனிக்கெழமைக்கு அடுத்த திங்கக்கெழம நொண்டிக்கிட்டே வந்து டின்னத் தொறந்தா, கதவு டிஸ்கெட்டு அதோட எடத்துல இருக்கு, பக்கத்துலயே ஒரு கப்பு. உள்ள காஞ்சுபோன நெஸ்கஃபே, அதுல எறும்பு. எடுத்தவரு ஒழுங்கா கப்ப வச்சிருக்காரு, டிஸ்கெட்டத் திருப்பி வச்சப்ப கப்ப எடுக்க மறந்துட்டாரு. நான் அந்தப் பொண்ணு காதுபடத் திட்டிக்கிட்டே கழுவுனேன். யாரத் திட்டுனேன்னும் ஞாபகம் இருந்துச்சு. தங்கக் கோடு போட்ட வெள்ளக் கப்பு, எங்க ஆபீஸ்ல ஒன்னே ஒன்னுதான்.

ஆனா பாஸ் எதுக்குக் கதவ அகலப்படுத்தணும்? அது எனக்குப் புரியல. நேரா கிளாங் அண்ணேகிட்ட போனேன். டீய நீட்டிட்டு, அவரு புடிக்கிறதுக்குள்ள கைய இழுத்துக்கிட்டேன்.

"யக்கா, டீ."

"குடுக்கிறேன். எதுக்குச் சீட்டி அடிக்கிறீங்க?"

"வாய் இருக்கு, அடிக்கிறேன்."

"வாய் இருந்தா பேசுங்க. அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு வேல போகப் போகுது. உங்க மகளுக்கும் அவ வயசுதான?"

அவரு பென்சில வச்சிட்டாரு. பாஸ் ரூம்பப் பாத்தாரு, ஏர்கோன் ரூம்பப் பாத்தாரு. அப்புறம் காதோட காதா சொன்னாரு. "கிளாங்குல பாஸோட அக்கா வீடு கட்டுனாங்கல்ல? வாசக்கால் வைக்கிற பூசைக்கு நான் போயிருந்தேன். ஊருல இருந்து மனையடி சாஸ்திரம் பாக்குற ஒருத்தர வரவழைச்சிருந்தாங்க. அவரு சொன்ன அளவு நம்ம வழக்கத்த விட ரெண்டு வெரக்கட கூட. தவுக்கே டேப்ப வீசுனப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் செவ்வாக்கெழமையில இருந்து சீட்டி அடிக்கிறீங்களா?"

"பாஸ் பேரச் சொல்லி நான் எங்கக்கா போறது? எனக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது. என் பலகையயும் எடுத்துட்டா?"

அவரு சொன்னதும் ஞாயந்தான். ஆனா அன்னிக்கு டீ குடுக்கல.

இப்ப உங்களுக்கு ஒன்னு சொல்லணும். எங்க பாஸு இந்த மாதிரி விசயத்துக்குப் பரம எதிரி. எவனாவது கஸ்டமரு மனையடி, சகுனம்னு வந்தா, அவன் போனதும் எங்க முன்னாடி நடிச்சுக் காட்டிச் சிரிப்பாரு. "கதவுக்கு எண்டா வெயில் தெரியும், மழை தெரியும். ராகு தெரியுமோ?" அப்படிப்பட்டவரு, தன் அக்கா சொல்லுக்குப் பயந்து, யாரும் இல்லாத சனிக்கெழமையா பாத்து வந்து, அந்த வீட்டுக் கதவத் தானே உக்காந்து தட்டி மாத்தியிருக்காரு. நம்ம ராசிக்கு நல்ல அளவு, சீனவங்க டேப்புல கருப்புல போய் விழுந்திருக்கு. ரெண்டு சாமியும் ஒரு வார்த்த பேசி வச்சுக்கக் கூடாதா?

அவருக்குத் தெரிஞ்சே அந்தப் பொண்ணப் பலி குடுக்கிறாரா, இல்ல தெரியாமலா? அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். தெரிஞ்சு செஞ்சா நான் அன்னிக்கே தொடப்பத்தப் போட்டுட்டுப் போயிருப்பேன்.

வெள்ளிக்கெழம காலையில அந்தப் பொண்ணு கடுதாசிய எழுதிக் கொண்டாந்துட்டா. கவரு அவ மேசைமேல இருந்துச்சு. நான் நெஸ்கஃபேய எடுத்துக்கிட்டு பாஸ் ரூம்புக்குள்ள போனேன். கதவ வேணும்னே தொறந்து விட்டேன்.

"பாஸ், படிக்காத பொம்பள, ஒரு சந்தேகம். இந்தக் கம்ப்யூட்டர்ல ஒருத்தர் வீட்டுக் கதவ மாத்துனா ஊரு பூரா கதவு மாறுமாமே?"

"ஆர் சொன்னது? அப்பிடி ஒண்டும் இல்லை. ஒரு வீட்டுக்கு மாத்தினால் அந்த வீட்டுக்கு மட்டும்தான்."

"அப்படியா. நம்ம டின்னுல இருக்கிற அசல்ல மாத்துனாலுமா?"

"அசலை ஏன் மாத்தோணும்? நகலைத்தானே..." அங்க நின்னுட்டாரு.

"நகலு அந்தப் பொண்ணோட டிராவர்ல பூட்டியிருந்தா? சனிக்கெழமை மாதிரி நாளுல? தைப்பூசம் முடிஞ்ச சனிக்கெழமைன்னு வைங்க."

அவரு என்னப் பாக்கல. கையில இருந்த கப்பப் பாத்துக்கிட்டே இருந்தாரு. வெள்ளக் கப்பு, தங்கக் கோடு. எனக்கு அப்பத் தெரிஞ்சு போச்சு. அந்த மனுசன் மூஞ்சி நெசமாவே அதிர்ந்து போன மூஞ்சி. நாலு நாளா அவருக்கு இது தோணவே இல்ல. தன் கையில தப்பு நடக்கும்னு படிச்சவங்களுக்கு ஒடனே தோணாது, எங்களுக்குத்தான் ஈரத்துணியெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

"உங்க அக்கா வீட்டு வாசக்கால் நல்லா அமைஞ்சுச்சாமே பாஸ்"ன்னேன், மெதுவா. "ராகு திரும்பிப் பாத்துட்டாராம்."

காதெல்லாம் செவந்துருச்சு. "நீங்கள் வெளிய போங்கோ"ன்னாரு. நான் போகல. மேசையில இல்லாத தூசியத் தொடச்சேன்.

கப்ப ஓரமா நகத்திட்டு டெலிஃபோன எடுத்தாரு. தவுக்கேகிட்ட இங்கிலீஸ்ல பேசுனாரு. பாதி புரியல. 'மை மிஸ்டேக்'னு மட்டும் ரெண்டு தடவ வந்துச்சு, அது எனக்கும் தெரியும். பதினாலு நெலையும் பேத்து மாத்தணும்னு தவுக்கே சொல்லியிருப்பாரு போல, இவரு 'யெஸ், யெஸ்'னு தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு.

அப்புறம் எழும்பி வெளிய வந்து அந்தப் பொண்ணு மேசைகிட்ட நின்னாரு. கிளாங் அண்ணே பென்சில் சீவுறத நிறுத்திட்டாரு. பாஸ் கவர எடுத்துப் பிரிக்காமலே ரெண்டாக் கிழிச்சாரு. மன்னிப்புன்னு ஒரு வார்த்த வரல. "அந்தச் சனிக்கிழமை வந்தது நான்தான். லைப்ரரி இனி முழுக்க உன்ர பொறுப்பு"ன்னாரு.

அவ எழும்பல. "அப்ப நீங்களும் அசலத் தொடக்கூடாது பாஸ்."

ரெண்டு பஸ் மாறி வர்ற பொண்ணு பேசுற பேச்சா இது?

"சரி"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

அவ ஒடனே டின்ன எடுத்து மடியில வச்சுக்கிட்டா. ஒவ்வொரு டிஸ்கெட்டுலயும் மூலையில ஒரு குட்டித் தாப்பா மாதிரி இருக்கும், அத நகத்திவிட்டா உள்ள யாரும் ஒன்னும் எழுத முடியாது, படிக்கத்தான் முடியும். டக்கு டக்குன்னு ஒவ்வொன்னா நகத்துனா. இத்தன தெரிஞ்சவ தேதியப் பாக்க மட்டும் வியாழக்கெழம வரைக்குமா எடுத்துக்குவான்னு எனக்குத் தோணுச்சு. பக்கத்துல போய் உக்காந்தேன்.

"ஏண்டி, தேதிய என்கிட்ட நேத்து காட்டுனியே, அத நீ எப்ப பாத்த?"

"எந்தத் தேதி ஆன்டி?"

"நடிக்காத. செவ்வாக்கெழமையே பாத்துட்ட. யாரு கப்புன்னு எனக்கு ஞாபகம் வரும்னு தெரிஞ்சுதான் என்னக் கூப்புட்டுக் காட்டுன. நீ சொன்னா பாஸ் நம்ப மாட்டாரு, நான் சொன்னா தப்பிக்க முடியாது."

அவ படி டிஸ்கெட்ட எடுத்து, மேல நான் போட்ட படத்தப் பாத்து, "இது சீப்புதானே ஆன்டி?"ன்னு சிரிச்சா.

அவ கல்யாணத்துலயும் கேட்டுப் பாத்தேன். மாலையோட நின்னுக்கிட்டு அதே சிரிப்பு. சொல்லவே இல்ல, கள்ளி.